காற்றுவழி – 17: கட்டபொம்மன் பெயரில் ஓர் அலை

1926இல் கட்டி முடிக்கப்பட்ட ரஜூலா கப்பலைப் பற்றிக் கேள்விப்படாத பழைய கிள்ளான் குடும்பம் இருக்காது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றி, பினாங்கைத் தொட்டு, இன்றைய போர்ட் கிள்ளானான போர்ட் சுவெட்டன்ஹாமில் இறக்கிவிட்டுச் சிங்கப்பூர் போய்ச் சேரும் கப்பல் அது. அதே 1926இன் முதல் நாளன்று இங்கிலாந்தின் ரக்பி நகருக்கு வெளியே இன்னொரு பெரிய சாதனம் வேலையைத் தொடங்கியது. 250 மீட்டர் உயரத்தில் பன்னிரண்டு இரும்புக் கம்பங்கள், அவற்றின் மேல் கட்டிய கம்பிகள், ஜிபிஆர் என்ற அழைப்புக்குறி. 16 கிலோஹெர்ட்ஸில் அது அனுப்பும் மோர்ஸ் சேதி உலகின் எந்தக் கடலில் மிதக்கும் பிரிட்டிஷ் கப்பலுக்கும் எட்ட வேண்டும் என்பது திட்டம். எட்டவும் செய்தது.

16 கிலோஹெர்ட்ஸ் கொஞ்சம் விசித்திரமான இடம். நல்ல காது உள்ள சிறுவனுக்குக் கேட்கும் கீச்சொலியின் அதிர்வெண்ணும் அதே அளவுதான். ஆனால் ரக்பியிலிருந்து கிளம்பியது ஒலி அல்ல, வானொலி அலை. 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள இந்தப் பகுதியை மிகத் தாழ் அதிர்வெண் என்பார்கள். வானொலிக்காரர்கள் வாயில் அது விஎல்எஃப். அலையின் நீளம் 10 முதல் 100 கிலோமீட்டர். இன்றைய கதையின் நாயகனான 18.2 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டால் பதினாறரை கிலோமீட்டர்: கிள்ளான் பண்டமாரானில் தொடங்கும் ஓர் அலை ஷா ஆலமைத் தாண்டிய பிறகுதான் முடியும்.

இவ்வளவு நீளம் எதற்கு? தூரம் போக வேண்டுமானால் அலை நீளமாக இருக்க வேண்டும் என்று அன்றைய பொறியாளர்கள் நம்பினார்கள். அதனால் நீள அலைகளை அரசுகளும் பெரிய கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. 200 மீட்டருக்குக் கீழே கிடந்த குட்டை அலைகள் எதற்கும் உதவாது என்று அமெச்சூர்கள் பக்கம் தள்ளிவிடப்பட்டன. சென்ற பகுதியில் வந்த ஜொகூர், கோலாலம்பூர் வானொலிச் சங்கத்தார் போன்ற ஆர்வலர்கள்தான் உலகெங்கும் இந்த அமெச்சூர்கள்.

அந்த உதவாத அலைகளில்தான் 1924 அக்டோபர் 18 அன்று, லண்டன் மில் ஹில் பள்ளியிலிருந்த செசில் கோய்டர் என்ற இளைஞர், நியூசிலாந்தில் ஓர் ஆட்டுப் பண்ணையிலிருந்த ஃபிராங்க் பெல்லுடன் மோர்ஸில் உரையாடினார். பூமியின் மறுபக்கத்துக்கு இருவழிப் பேச்சு, அதுவும் அமெச்சூர் கருவியால். ரக்பியின் கம்பங்கள் வேலையைத் தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே அவற்றுக்கான அடிப்படை வாதம் ஆட்டம் கண்டுவிட்டது. இந்தக் கோய்டர் தமிழ் வாசகருக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1936இல் இந்தியா வந்து அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளர் ஆனவர் அவர்தான். 1938 ஜூனில் சென்னை நிலையமும் 1939 மேயில் திருச்சி நிலையமும் தொடங்கியது அவர் காலத்தில்.

இந்தச் சிற்றலை வந்த வேகத்துக்கு நீள அலை செத்துப்போயிருக்க வேண்டும். அதைக் காப்பாற்றியது நீர்மூழ்கிக் கப்பல்.

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனாலேயே வானொலி அலையை விழுங்கிவிடும். 10 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை கடலுக்குள் ஒரு சாண் இறங்குவதற்குள் பெரும்பகுதி தொலைந்துவிடும். 18 கிலோஹெர்ட்ஸ் அலையோ ஏறத்தாழ 2 மீட்டர் இறங்கினால்தான் அதே அளவு தேயும். அனுப்பும் இடத்தில் போதிய வலு இருந்தால் 10, 15 மீட்டர் ஆழத்திலும் மிச்சம் இருக்கும். கப்பல் மேலே வரத் தேவையில்லை. எதிரியின் விமானத்துக்குத் தலைகாட்டத் தேவையில்லை. பதில் பேசாமல் உத்தரவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். கடற்படைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதை மிகப் பெரிதாகச் செய்துகாட்டியது நாஜி ஜெர்மனி. கால்பே என்ற சிற்றூருக்கு அருகே அவர்கள் எழுப்பிய நிலையத்தின் பெயர் கோலியாத், வலு 1000 கிலோவாட். 1943இல் அது இயங்கத் தொடங்கியது. அந்த ஆண்டு மலாயாத் தமிழரின் நினைவிலும் பதிந்த ஆண்டு. பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 என்ற நீர்மூழ்கியில் கிளம்பிய நேதாஜி, ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்கு அருகே ஜப்பானின் ஐ-29 கப்பலுக்கு மாறி, மே மாதம் சுமத்ராவின் வடமுனைக்கு அப்பாலுள்ள சபாங்கில் கரையேறினார். ஜூலையில் சிங்கப்பூர். பிறகு நடந்தவை இங்குள்ள தோட்டங்களில் பாட்டிமார் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதைகள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் யு-178 பினாங்கு வந்து சேர்ந்தது. அதன் தலைவர் வில்ஹெல்ம் டோம்ஸ் அங்கேயே தங்கி ஜெர்மானியத் தளத்தின் பொறுப்பை ஏற்றார். மான்சூன் குழு என்று பெயரிட்டு அனுப்பப்பட்ட யு-படகுகள் மலாக்கா நீரிணையை வீட்டு வாசலாக்கிக்கொண்டன. பலவற்றுக்கு முடிவும் இங்கேயே காத்திருந்தது. 1944 செப்டம்பர் 23 அன்று, 31 டன் பாதரசத்தைச் சுமந்துகொண்டு பினாங்கை நெருங்கிய யு-859ஐ பிரிட்டனின் டிரென்சன்ட் நீர்மூழ்கி மூழ்கடித்தது. பெர்லினுக்கு இவ்வளவு தொலைவில் திரியும் கப்பல்களுக்கும் உத்தரவு போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே கோலியாத் எழுந்தது. போர் முடிந்ததும் சோவியத்துக்காரர்கள் அதைத் திருகாணி திருகாணியாகக் கழற்றிக்கொண்டு போய் நிஷ்னி நோவ்கொரோட் அருகே மறுபடி நிறுத்தினார்கள். 1952 முதல் அது அங்கே வேலை செய்கிறது.

பனிப்போர்க் காலத்தில் இந்துமாக்கடலுக்குத் தனியாக ஒரு குரல் தேவைப்பட்டது. 1967இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்தில் அமெரிக்கா ஒரு நிலையம் அமைத்தது. நடுக்கம்பம் 387 மீட்டர், வலு 1000 கிலோவாட், இன்று 19.8 கிலோஹெர்ட்ஸ். கடலில் நீந்தப் போய்க் காணாமற்போன பிரதமர் ஹரால்ட் ஹோல்ட்டின் பெயரை அடுத்த ஆண்டு அதற்குச் சூட்டினார்கள். கடலோடு பேசும் நிலையத்துக்குக் கடலில் மறைந்தவரின் பெயர். ஆஸ்திரேலியர்களின் நகைச்சுவை உணர்வை இங்கே சந்தேகிக்கத் தோன்றுகிறது.

இந்தியாவின் முறை 1990இல் வந்தது. திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரிப் பக்கம், விஜயநாராயணம். அக்டோபர் 20 அன்று ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படையில் சேர்ந்தது. பெயர்தான் ஐஎன்எஸ், கப்பல் கிடையாது, கடலைப் பார்க்காத செம்மண் நிலம். 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கம்பெனியாரின் வாரிசுகள் ரக்பியில் செய்த அதே வேலையை, அவன் பெயரால் இங்கே செய்கிறார்கள். 2014 ஜூலை 31 அன்று கடற்படைத் தளபதி அட்மிரல் ஆர்.கே. தோவன் அங்கே புதிய ஒலிபரப்பியைத் தொடங்கி வைத்தார். அதன் உயரமான கம்பம் சுமார் 471 மீட்டர். நாட்டிலேயே அவ்வளவு உயரமான கட்டமைப்பு வேறில்லை. அழைப்புக்குறி விடிஎக்ஸ், அதிர்வெண் 18.2 கிலோஹெர்ட்ஸ்.

அந்த அலை வங்கக் கடலைத் தாண்டி, ரஜூலா வந்த திசையிலேயே, சுமார் 2,700 கிலோமீட்டர் பயணம் செய்து பண்டமாரானுக்கு வருகிறது. கப்பலுக்கு ஒரு வாரம் பிடித்த தூரம். அலைக்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு கூட ஆவதில்லை. 1950களின் தொடக்கத்தில் அவசரகாலத்துப் பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் வேலி போட்டு உருவாக்கிய பண்டமாரான் புதுக்கிராமத்திலோ, அதைச் சுற்றிப் பின்னால் எழுந்த தாமான் வீடுகளிலோ ஒருவர் இதைப் பிடிக்க நினைத்தால் என்ன தேவைப்படும்?

முதலில் ஏமாற்றம் ஒன்றைக் கடக்க வேண்டும். 1952இல் தொடங்கிய மலாயா அமெச்சூர் வானொலிச் சங்கமான மார்ட்ஸின் வழித்தோன்றல்கள் இன்று 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறிகளோடு நல்ல கருவிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பலவும் 30 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதில்லை. ஆயிரக்கணக்கான ரிங்கிட் போட்டு வாங்கிய பெட்டி கட்டபொம்மனுக்குச் செவிடு. அதைக் கேட்கவைக்க ஒரு வழி உண்டு. உள்ளே வரும் அலையோடு 10 மெகாஹெர்ட்ஸைக் கலக்கும் சிறிய சுற்றை முன்னால் வைத்தால், 18.2 கிலோஹெர்ட்ஸ் 10.0182 மெகாஹெர்ட்ஸாக மேலேறி வழக்கமான சிற்றலை ரிசீவரில் வந்து உட்காரும். பழைய அமெச்சூர்கள் விரும்பும் வழி இது.

இளையவர்கள் அந்தச் சிரமமும் படுவதில்லை. விஎல்எஃப்பின் அதிர்வெண் ஒலியின் எல்லைக்குள் இருப்பதால் கணினியின் சவுண்ட் கார்டே ரிசீவர் ஆகிவிடுகிறது. நொடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் சாதாரண கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கும். கட்டபொம்மன், எக்ஸ்மவுத், 22.2இல் இயங்கும் ஜப்பானின் எபினோ மூன்றும் அதற்குள் அடக்கம். ஒரு மீட்டர் அகல மரச் சட்டத்தில் சில பத்துச் சுற்று இன்சுலேட்டட் செம்புக் கம்பி, சின்ன ஆம்ப்ளிஃபையர், ஸ்பெக்ட்ரம் லேப் போன்ற இலவச மென்பொருள். உதிரிப் பாகத்துக்குக் கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பசார் கடைகளுக்கு ஒரு நடை போனால் போதும். மரச் சட்டம் மைக் துளைக்குள் பேசத் தொடங்கிவிடும்.

சட்டத்துக்குத் திசை தெரியும் என்பதுதான் இதில் சுவை. கிள்ளானிலிருந்து விஜயநாராயணம் மேற்கே, சற்று வடக்குச் சாய்வு. எக்ஸ்மவுத் தென்கிழக்கில், சுமார் 3,100 கிலோமீட்டர். எபினோ வடகிழக்கில், சுமார் 4,500. சட்டத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கினால் திரையில் கோடு பிரகாசிக்கும். முகம் காட்டினால் மங்கும். ஹாலில் நின்றபடியே மூன்று நாடுகளின் கடற்படைகளைத் திருப்பிப் போட்டு விளையாடலாம்.

அப்படியே விளையாட விடாத எதிரிகள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். கைப்பேசி சார்ஜர், எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர் ஏர்கோன், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி என்று மின்சாரத்தை நறுக்கி நறுக்கிப் பயன்படுத்தும் எல்லாமே விஎல்எஃப்பில் இரையும். கட்டபொம்மனை ஒழுங்காகக் கேட்க வேண்டுமானால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மடிக்கணினியை பேட்டரியில் ஓட்ட வேண்டும். கிள்ளான் வெயிலில் வீட்டார் இதற்கு எவ்வளவு நேரம் சம்மதிப்பார்கள் என்பது தனிக் கேள்வி. கேரித் தீவுச் செம்பனைத் தோட்டத்துக்குச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போவது குடும்ப அமைதிக்கு நல்லது.

வானத்திலிருந்து வரும் சத்தத்துக்கோ தப்பிக்க இடமில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டின் பாதி நாளாவது இடி முழங்கும். ஒவ்வொரு மின்னலும் ஒரு விஎல்எஃப் ஒலிபரப்பி. சுமத்ராவில் வெட்டினாலும் திரையில் செங்குத்துக் கோடு விழும். இரவில் இந்த வெடிப்புகள் வானத்துக்கும் தரைக்கும் இடையே பலமுறை மோதி, தாழ்ந்து வளையும் ஒரு கிரீச்சொலியாக இழுபடும். ட்வீக் என்று அதற்குப் பெயர்.

இனி முக்கியமான விஷயம். சிவாஜி கணேசன் குரலில் கட்டபொம்மனைக் கேட்டு வளர்ந்தவர்கள் 18.2இல் ஏமாந்துபோவார்கள். அங்கே வசனம் கிடையாது. நொடிக்கு 200 பிட் வேகத்தில் ஓடும் சங்கேதம்; ஒலியாக்கினால் இடைவிடாத ஒரு சலசலப்பு. இந்தியக் கடற்படை தன் நீர்மூழ்கிகளுக்கு என்ன சொல்கிறது என்பது பண்டமாரானில் யாருக்கும் புரியப் போவதில்லை, புரியவும் கூடாது. பண்டமாரானுக்கே கூட நீர்மூழ்கி அவ்வளவு தூரத்துப் பொருள் அல்ல: மலேசியாவின் முதல் நீர்மூழ்கியான கேடி துங்கு அப்துல் ரஹ்மான் 2009 செப்டம்பரில் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்தது பக்கத்திலுள்ள போர்ட் கிள்ளானில்தான். பிறகுதான் அது சபாவின் செப்பாங்கார் தளத்துக்குப் போனது.

சேதி புரியாவிட்டால் எதற்குக் கேட்பது? சேதியை விட்டுவிட்டு அது வந்த வழியைப் படிக்கலாம் என்பதுதான் அமெச்சூர்கள் கண்டுகொண்டது. விஎல்எஃப் அலை கடலுக்கும் அதற்கு 70, 80 கிலோமீட்டர் மேலே இருக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையே ஓடுகிறது. கிள்ளான் கடைவரிசையின் அஞ்சடியில் கூப்பிட்டால் கூரையும் தரையும் குரலைச் சிதறவிடாமல் கோடிவரை கொண்டுபோவது போல. கூரை தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ வந்து சேரும் வலு மாறும். வலுவை மட்டும் நாள் முழுதும் வரைந்துகொண்டே இருந்தால் வானத்தில் நடப்பது கோடாக விழும்.

அந்தி வேளை எளிய உதாரணம். கிள்ளானில் மாலை ஏழேகாலுக்குச் சூரியன் மறையும்போது திருநெல்வேலியில் இன்னும் வெயில். அங்கே இருட்ட மேலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் இரவின் விளிம்பு வங்கக் கடலின் மேல் மேற்கு நோக்கி ஊர்ந்துபோகும். பாதையின் ஒரு பகுதி இரவு, ஒரு பகுதி பகல். அந்த நேரத்துக் கோடு சீராக இருக்காது. ஏறி இறங்கி, சில இடங்களில் பள்ளம் விழுந்து, பிறகு இரவு நிலைக்கு வந்து நிற்கும். அந்தப் பள்ளங்களின் நேரத்தைக் குறித்துக்கொண்டே ஆண்டு முழுவதும் பார்ப்பவர்கள் உண்டு.

சூரியனில் பிழம்பு வெடித்தால் எக்ஸ்கதிர்கள் எட்டு நிமிடத்தில் வந்து பகல்பக்க அயனி மண்டலத்தைக் கீழே அழுத்தும். திரையில் கோடு சட்டென்று தாவி, மெல்லச் சரியும். 2003 நவம்பர் 4 அன்று வெடித்த பிழம்பு செயற்கைக்கோளின் அளவுமானியையே திணறடித்தது. அளவு எக்ஸ் 28 என்று மதிப்பிட்டார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் பசிபிக்கைக் கடந்து வந்த கடற்படை விஎல்எஃப் அலைகள் எவ்வளவு நிலைமாறின என்று பார்த்து, அது எக்ஸ் 45 இருக்கும் என்று கணக்கிட்டார்கள். விண்வெளியில் கோடிக்கணக்கில் செலவழித்த கருவி கை விரித்த இடத்தில் தரையில் நின்ற ஏரியல் பதில் சொன்னது.

விடிஎக்ஸ் அலையையே உலகறியச் செய்தவர்கள் கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையத்தார். சந்தீப் சக்கரவர்த்தி தலைமையில் அவர்கள் 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தின்போது இந்தியாவிலும் நேப்பாளத்திலும் பல இடங்களில் ரிசீவர் வைத்து 18.2 கிலோஹெர்ட்ஸைக் கேட்டார்கள். சில இடங்களில் வலு கூடியது, சில இடங்களில் குறைந்தது. நிழல் எந்தப் பாதையில் குறுக்கே விழுந்தது என்பதைப் பொறுத்து இந்த வேறுபாடு.

கிள்ளான் வாசகருக்கு இன்னும் நெருக்கமான கிரகணம் 2019 டிசம்பர் 26. வளையச் சூரியன் திண்டுக்கல், புதுக்கோட்டை வழியே வந்து, யாழ்ப்பாணத்தைத் தொட்டு, வங்கக் கடலின் குறுக்கே பாய்ந்து, சுமத்ராவையும் சிங்கப்பூரையும் கடந்தது. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள். கட்டபொம்மனுக்கும் கிள்ளானுக்கும் நடுவிலுள்ள வழிமீது சந்திரனே வந்து நடந்த மாதிரி ஒரு நாள் அது. அன்று நண்பகலில் மரச் சட்டம் ஒன்றை மேற்கே திருப்பி வைத்திருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மலேசியாவில் இதைப் பள்ளிப் பாடம் ஆக்கும் முயற்சியும் நடந்தது. 2007இல் அனைத்துலகச் சூரிய இயற்பியல் ஆண்டையொட்டி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எளிய விஎல்எஃப் ரிசீவர்களைப் பல நாடுகளுக்கு அனுப்பியது. பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாங்களே யுகேஎம்-சிட் என்றொரு ரிசீவரை உருவாக்கி, விண்வெளி அறிவியல் கற்பிக்கும் கருவியாக்கினார்கள். கடற்படைச் சங்கேதத்தை வைத்து மாணவர்களுக்குச் சூரியனைக் காட்டுவது எந்த அட்மிரலும் திட்டமிட்ட பயன் அல்ல.

உண்மையிலேயே எழுத்து எழுத்தாகப் படிக்கக்கூடிய விஎல்எஃப் நிலையமும் உலகில் இன்னும் இருக்கிறது. சுவீடனின் கிரிமெட்டனில், 1924இல் வேலை தொடங்கிய எஸ்ஏகியூ. டிரான்சிஸ்டரும் இல்லை, வால்வும் இல்லை. ராட்சத மின்னாக்கி ஒன்று சுழன்று சுழன்று 17.2 கிலோஹெர்ட்ஸ் அலையை நேரடியாக உண்டாக்குகிறது. 2004 முதல் யுனெஸ்கோ மரபுச் சின்னம். ஜூலைத் தொடக்கத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளிலும் மோர்ஸில் சில நிமிடம் வாழ்த்துச் சொல்லும்; கேட்டவர்கள் உலகெங்கிலிருந்தும் எழுதிப் போடுவார்கள். ரக்பிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஜிபிஆர் 2003இல் வாய் மூடியது; அடுத்த ஆண்டே அதன் கம்பங்களில் பெரும்பாலானவற்றை வெடிவைத்துச் சாய்த்தார்கள். ரஜூலா அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே கடலை விட்டுப் போயிருந்தது.

விஜயநாராயணத்துக்கு இப்போது தம்பி பிறக்கப் போகிறது. 2024 அக்டோபர் 15 அன்று தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில், தாமகுண்டம் காட்டில், இந்தியக் கடற்படையின் இரண்டாவது விஎல்எஃப் நிலையத்துக்கு பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் அடிக்கல் நாட்டினார். சுமார் 2,900 ஏக்கர். காடு அழியும் என்று உள்ளூரில் எதிர்ப்பு எழுந்தது. அந்த நிலையம் பேசத் தொடங்கும் நாளில், பண்டமாரானில் மேற்கே பார்த்து நிற்கும் சட்டத்தை ஏறத்தாழ 20 பாகை வடக்கே திருப்ப வேண்டியிருக்கும்.

(அடுத்த பகுதியில்: அவசரகாலத்தில் புதுக்கிராமங்களின் வேலிக்குள் ரேடியோ மலாயா நுழைந்த கதை.)